தீவகத்து றோட்டுக்கு எந்தப் பிறேக் பாட்?

தீவகத்துப் புளியங்கூடலில் இருந்து யாழ்ப்பாணம் புறப்படும் ஒரு காரை நினைத்துப் பாருங்கள், நேயர்களே. வேலணை தாண்டி, பண்ணைத் தாம்போதியில் ஏறிக் கடற்காற்றுக்குள் ஓடும் அந்தப் பாதையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சாரதி பிறேக் மிதிப்பதெல்லாம் குறுக்கே வரும் மாட்டுக்கும், பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கும், சந்திகளுக்கும்தான். பெரிய சூடு ஏறாமலே அந்தப் பிறேக்கின் பொழுது போகிறது. பாட் வாங்கப் போகிறவர் முதலில் யோசிக்கவேண்டியது இதைத்தான்.

பந்தயக் காருக்கான பாட் என்றால் எங்கும் நன்றாகப் பிடிக்கும் என்றொரு எண்ணம் இளைஞர்களிடம் உண்டு. அது ஆபத்தான எண்ணம்.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் கார்ப் பந்தயங்கள் நடக்கும் ஓடுபாதையை எடுத்துக்கொள்வோம். அங்கே நேர்பாதையில் பறந்து வரும் கார், வளைவுக்கு முன்னால் வேகத்தைச் சட்டென்று இறக்கியாக வேண்டும். சுற்றுக்குச் சுற்று இதே வேலை. 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காரை நிறுத்தும்போது பிறக்கும் சூட்டைப்போல ஒன்பது மடங்கு சூடு, அதே காரை 180இலிருந்து நிறுத்தும்போது பிறக்கிறது. சாதாரண பாட்டில் உள்ள பிசின் அந்தச் சூட்டில் வெந்து வாயு விடும். பெடலை எவ்வளவு அழுத்தினாலும் பிடி குறைந்துபோகும். பந்தயப் பாட்டுக்கோ அந்தச் சூடு வேண்டும். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஓட்டிய ஃபார்முலா 1 காரின் கார்பன் பிறேக், சில நூறு பாகை சூடேறும்வரை ஒழுங்காகப் பிடிக்காது. இப்படிச் சூட்டை எதிர்பார்க்கும் பாட்டைத் தீவகத்துக் காரில் போட்டால், காலையில் முதல் மாடு குறுக்கிடும் நேரம் அது குளிர்ந்து கிடக்கும்.

ஊருக்குள் ஓடும் காருக்குச் செரமிக் பாட் போதும். சத்தம் குறைவு, தூசும் குறைவு. ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு நுவரெலியா போய் வரும் வானுக்கு, உலோகத்தூள் கலந்த பாட் நல்லது. சுமார் 1,870 மீற்றர் உயரத்திலிருந்து இறம்பொடை வழியாக இறங்கும்போது ஏறும் சூட்டை அது கூடுதலாகத் தாங்கும். அப்போதும் சாரதி சின்னக் கியரில் இறங்கவேண்டும்; முழுப் பாரத்தையும் பிறேக்கின் தலையில் போடக்கூடாது.

கடையில் பாட்டைக் கையில் எடுத்து அதன் விளிம்பைப் பாருங்கள். பல பாட்டுகளில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அடித்திருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் உள்ள பிடியையும், இரண்டாவது கடுஞ்சூட்டில் உள்ள பிடியையும் காட்டும். ‘ஈ’ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை. வீட்டுக் காருக்கு இரண்டும் ‘எஃப்’ ஆக இருந்தால் நல்லது.

தீவகத்தில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. பாட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரின் பின்கள் துருப்பிடித்து இறுகினால், உள்பக்கப் பாட் தகடுவரை தேய்ந்திருக்க, வெளிப்பக்கப் பாட் புதிதுபோல இருக்கும். சில்லைக் கழற்றாமல் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு “பாட் இருக்குது” என்று சொல்வது இதனால்தான் பிழைக்கிறது. கராச்சில் பாட் மாற்றும்போதே அந்தப் பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய கிறீஸ் பூசச் சொல்லுங்கள். புதுப் பாட் போட்ட பிறகு, வாகனம் இல்லாத நேரமாகப் பார்த்து, 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து பல தடவை மெல்ல மெல்லக் குறைத்து ஓடினால் பாட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிந்துவிடும்.