மொன்றியல் களத்திலே இளம் மங்கையர்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெண்களின் கூடைப்பந்தாட்டம். வாலிபர் கூடிய இடத்திலே இது என்ன பொருள் என்று முன்வரிசையிலுள்ள பெரியவர் எவரேனும் புருவத்தை உயர்த்தினால், அவர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நாம் கேட்க வந்த கேள்வி ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவானது. தேறாத இளையோரை, தேர்ந்து முதிர்ந்த அணிகளோடு மோதவிடலாமா? "பிள்ளைகளை அடிவாங்கவா அனுப்புவது? இன்னும் இரண்டு வருடம் போகட்டும்" என்ற சொல்லை நாம் படித்த மிஷன் பாடசாலையிலும் கேட்டோம், பிற இடங்களிலும் கேட்கின்றோம். அந்த இரண்டு வருடம் போகும். பிள்ளைகளும் பாடசாலையை விட்டுப் போய்விடுவார்கள்.

இக்கேள்விக்கு 1976 ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கிலே ஆடிய அமெரிக்கப் பெண்கள் அணியின் கதையைச் சான்றாகக் கூற விரும்புகின்றோம்.

கூடைப்பந்தாட்டம் அமெரிக்காவிலே பிறந்தது. 1891 டிசம்பரிலே ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடைகளை மாடத்திலே தொங்கவிட்டு இதனை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே ஸ்மித் கல்லூரியிலே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதனை மாணவிகளுக்குக் கற்பித்தார். ஆயினும் பெண்கள் ஓடிக் களைக்கலாகாது என்பது அக்காலத்தவர் எண்ணம். எனவே ஆடுகளத்தைக் கோடிட்டுப் பங்கு போட்டு, இன்னார் இந்த எல்லையைத் தாண்டலாகாது என்று விதித்தார்கள். நம் பெண்கள் பாடசாலைகளிலே ஆடும் வலைப்பந்தாட்டம் இங்கிலாந்திலே வளர்ந்த அதன் கிளைதான். ஒவ்வொருத்திக்கும் ஓர் எல்லை அங்கேயும் உண்டு. அமெரிக்காவில் பின்னர் அணிக்கு அறுவர் என்றாயிற்று. மூவர் ஒரு பாதியிலே நின்று பந்தைக் கூடையிலே போடுவர். மூவர் மறுபாதியிலே நின்று தடுப்பர். தடுப்பவள் வாழ்நாளில் ஒருமுறைதானும் கூடைக்குப் பந்தெறியாமலே ஆட்டத்தை விட்டு நீங்கவும் கூடும்! ஐவர் முழுக்களத்திலும் ஓடி ஆடும் முறை கல்லூரிப் பெண்களுக்கு 1971 இலேதான் நிலையான விதியாயிற்று. டெனசி மாநில உயர்பாடசாலைகளிலோ எழுபதுகளின் இறுதிவரை பழைய முறையே நிலவியது.

இதனால் வந்த விளைவு யாது? 1953 இலும் 1957 இலும் பெண்கள் உலகக் கிண்ணத்தை வென்ற நாடு பின்தங்கியது. 1959 முதல் 1975 வரை நடந்த ஐந்து உலகப் போட்டிகளிலும் சோவியத்து ஒன்றியமே முதலிடம் பெற்றது. 1975 இலே கொலம்பியாவின் காலி நகரிலே நடந்த போட்டியில் அமெரிக்கா பெற்ற இடம் எட்டு. ஆட்டத்தைப் பெற்ற தாய் எட்டாவது பந்தியிலே அமர்ந்தாள் என்க. அதே ஆண்டில் மெக்சிக்கோ நகரிலே நடந்த பான் அமெரிக்கன் போட்டியிலே இளம் அணி தங்கம் வென்றது மட்டுமே ஆறுதல்.

ஒலிம்பிக்கிலே ஆண்கள் கூடைப்பந்தாட்டம் 1936 இலேயே சேர்க்கப்பட்டது; பெண்களுக்கு இடங்கிடைத்தது 1976 இலேதான். ஆறு நாடுகளுக்கே அனுமதி. எட்டாமிடத்து அணிக்கு வாசல் தானாகத் திறக்குமா? கனடாவின் ஹமில்டன் நகரிலே நடந்த தகுதிகாண் போட்டியில் வென்றுதான் அவர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

அந்த அணியைச் சற்றுப் பாருங்கள். பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவியர், எம் வயதினர். நியூயோர்க்கின் நான்சி லீபர்மனுக்கு 18 வயது நிறைந்து மூன்று வாரம் ஆகவில்லை. சிறுமியாக இருந்தபோதே சுரங்க ரயிலேறி ஹார்லெம் பகுதிக்குச் சென்று, ஆண்பிள்ளைகளோடு ஆடிப் பழகியவர் அவர். மிசிசிப்பி மாநிலத்தின் மின்ரர் சிற்றி என்னும் சிற்றூரிலே, தோட்டம் செய்த கறுப்பினக் குடும்பமொன்றின் பதினொரு பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர் லூசியா ஹாரிஸ். வயது 21, உயரம் 6 அடி 3 அங்குலம். மூத்தவர் என்று சொல்லத்தக்க பற் ஹெட்டுக்கு வயது 24. முழங்கால் காயத்திலிருந்து மீண்டு வந்தவர். டெனசிப் பல்கலைக்கழகத்திலே மாதம் 250 டொலர் சம்பளத்திலே பயிற்றுநராகவும் இருந்து, அணியினரின் உடுப்புகளைத் தாமே துவைத்தவர். தலைமைப் பயிற்றுநர் பில்லி மூர் என்ற பெண்மணி.

எதிரே நின்றவர்களோ ஆண்டு முழுவதும் ஒன்றாகப் பயின்று, ஐரோப்பியக் களங்களிலே பழகிய அணியினர். சோவியத்து அணியின் நடுவிலே உல்யானா செமியோனவா, லற்வியாவைச் சேர்ந்தவர், ஏறக்குறைய 7 அடி உயரம். கூடையின் வளையம் நிலத்திலிருந்து 10 அடி. அவர் கையை உயர்த்தி நின்றால் வளையத்துக்கும் விரலுக்கும் இடையே அதிக தூரமில்லை. நம் வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைக் களத்திலே கண்டவர்களுக்கு, அத்தகைய உயரம் எதிரணியை என்ன பாடு படுத்தும் என்று நாம் விளக்கத் தேவையில்லை.

முதல் ஆட்டம் யப்பானோடு. ஒலிம்பிக் பெண்கள் கூடைப்பந்தாட்ட வரலாற்றிலே முதற் புள்ளிகளை ஈட்டியவர் லூசியா ஹாரிஸ். ஆனால் ஆட்டம் யப்பானுக்கே, 84க்கு 71. முதலடியே சறுக்கிற்று. அடுத்துப் பல்கேரியாவை 95க்கு 79 என்று வென்றார்கள். கனடாவை அதன் சொந்த மண்ணிலே 89க்கு 75 என்று வென்றார்கள். பிறகு சோவியத்து ஒன்றியம்: 112க்கு 77. முப்பத்தைந்து புள்ளி வித்தியாசம்! "பார்த்தீரா, பிள்ளைகளை அடிவாங்க அனுப்பினார்கள்" என்று நம் ஊர்ப் பெரியவர் சொல்லும் இடம் இதுதான்.

இங்கேதான் எம் கருத்தைச் சொல்லவேண்டும். அந்த 35 புள்ளித் தோல்வி அவர்களைக் குலைத்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி என்ற நிலையிலே செக்கோசிலோவாக்கியாவோடு கடைசி ஆட்டம். தோற்றிருந்தால் பதக்கமே இல்லை. அதற்கு முந்திய ஆண்டு உலகப் போட்டியிலே மூன்றாமிடம் பெற்ற அணி அது. இந்த ஓர் ஆட்டத்தின் பயன் அடுத்த 25 ஆண்டுகளுக்குத் தம் நாட்டுப் பெண்கள் விளையாட்டிலே தெரியும் என்று பில்லி மூர் சொன்னதை வீராங்கனைகள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கின்றார்கள். 83க்கு 67 என்று வென்றார்கள். பல்கேரியாவுக்கும் மூன்று வெற்றிதான். ஆனால் நேருக்கு நேர் ஆடியதில் அமெரிக்கா வென்றிருந்ததால் வெள்ளி அமெரிக்காவுக்கு, வெண்கலம் பல்கேரியாவுக்கு. தங்கம் யாருக்கென்று சொல்லவேண்டியதில்லை.

காலியிலே எட்டாமிடத்துக்கு இறங்கியபோது, "இன்னும் தேறட்டும்" என்று அணியைப் பூட்டி வைத்திருந்தால் இந்த வெள்ளி எங்கிருந்து வந்திருக்கும்? அந்த எட்டாமிடம் அவர்கள் கட்டிய பள்ளிக் கட்டணம் என்றே நாம் கொள்கின்றோம்.

இன்னொரு செய்தி, இதனை நாம் படித்தறிந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தோம். எல்லோரையும் அச்சுறுத்திய செமியோனவாவுக்கு மொன்றியலிலே வயது என்ன? அவருக்கும் 24, பற் ஹெட்டின் வயதேதான். முதிர்ச்சி என்று நாம் மலைத்தது வயதிலில்லை, ஆடிய ஆட்டங்களின் தொகையில் இருந்தது. 1968 இலே ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற சோவியத்து அணியிலே அவர் ஆடியபோது வயது 16. அவரை ஒருவரும் "இன்னும் இரண்டு வருடம் போகட்டும்" என்று நிறுத்தி வைக்கவில்லை.

இதனால் சிறுவரை எங்கும் தள்ளிவிடலாம் என்று நாம் வாதிடவில்லை. பயிற்சியின்றி, உணவின்றி, மருத்துவத் துணையின்றி அனுப்புவது துணிவாகாது, அலட்சியமாகும். அந்த மாணவியரும் மிசூரி மாநிலத்திலே கடும் பயிற்சி பெற்றே சென்றனர். கல்வி நிலையங்களிலே பெண்ணுக்குச் சம வாய்ப்பு மறுக்கலாகாது என்ற சட்டம் 1972 இலே அங்கே நிறைவேறியிருந்தது. சட்டமிருந்தும் சம்பளம் 250 டொலர்தான் என்பது வேறு கதை.

பின்னர் நடந்தவை சுருக்கமே. 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா பகிஷ்கரித்தது. 1984 இலே சோவியத்து ஒன்றியம் வரவில்லை. அந்த ஆண்டு அமெரிக்கப் பெண்கள் முதன்முறை தங்கம் வென்றபோது பயிற்றுநராக நின்றவர் பற் ஹெட். அப்போது அவர் பெயர் பற் சமிற். 1996 முதல் 2024 வரை எட்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் அவர்களுக்கே. பாரிசிலே பிரான்சை வென்றது ஒரேயொரு புள்ளியால், 67க்கு 66.

லூசியா ஹாரிஸுக்கோ அந்த வசதி வாய்க்கவில்லை. அவர் 1977 இலே பட்டம் பெற்றபோது பெண்கள் ஆடிச் சம்பாதிக்க அங்கே ஒரு தொழில்முறைக் கழகப் போட்டியும் இருக்கவில்லை. ஆண்கள் அணியான நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ் அவரைத் தெரிவு செய்தது, அவர் போகவில்லை. 1992 இலே கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்திலே இடம்பெற்ற முதல் இரு வீராங்கனைகளுள் ஒருவரானார். அவரைப் பற்றிய குறும்படம் 2022 மார்ச்சிலே ஒஸ்கார் பரிசு பெற்றது. அவர் அவ்வாண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.