கொம்யூன் நாற்காலி: வில்லியனூரிலிருந்து கீழூர் வரை

விழுப்புரத்தில் புதுச்சேரி ரயில் ஏறுகிறவர் வளவனூர், சின்னபாபுசமுத்திரம் தாண்டி வில்லியனூரை எட்டுவதற்குள் ஒரு பழைய எல்லையைக் கடந்துவிடுகிறார். வயலும் வரப்பும் அதைக் காட்டுவதில்லை. 1879இல் இந்த ரயில்பாதை திறந்தபோது மேற்கே ஆங்கிலேயரின் தென்னாற்காடு ஜில்லா. கிழக்கே பிரெஞ்சு இந்தியா. எல்லையும் நேர்கோடாக ஓடவில்லை. நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு முதலிய பிரெஞ்சு ஊர்களைத் தென்னாற்காட்டுக் கிராமங்கள் சூழ்ந்திருந்தன. பெண் எடுப்பதும் கொடுப்பதும் இரு பக்கமும் நடந்தன. ஊரை நிர்வகிக்கும் முறைதான் வேறு வேறாக இருந்தது.

1880 மார்ச் 12 அன்று வெளியான பிரெஞ்சு ஆணை, பிரெஞ்சு இந்தியாவைப் பத்துக் கொம்யூன்களாகப் பிரித்தது. புதுச்சேரிப் பகுதிக்குக் கிடைத்தவை நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். கொம்யூனுக்கு ஒரு மன்றம். மன்றத்துக்குத் தலைவர் மேர். ஊரின் வரவு செலவும், பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவும் அவர் பொறுப்பில் இருந்தன. 1907இல் கொம்யூன்கள் பதினேழாயின. அவற்றில் எட்டு புதுச்சேரிப் பகுதியில்.

அதே காலத்தில் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் 1884ஆம் ஆண்டுச் சென்னை லோக்கல் போர்டு சட்டம் வந்தது. ஜில்லா போர்டுக்குத் தலைவர் கலெக்டரேதான். பின்னர் வாக்குரிமை விரிந்தபோதும் அது சொத்தும் வரியும் உள்ளவர்களைச் சுற்றியே நின்றது. வில்லியனூர் உழவனுக்கோ கையில் காணி இல்லாவிட்டாலும் வாக்கு உண்டு.

ஆனால் அந்த வாக்கின் எடை?

அங்கேதான் குடியேறியவர்களின் ஆதிக்கம் ஒளிந்திருந்தது. வாக்காளர்களைப் பிரெஞ்சு அரசு தனித்தனிப் பட்டியல்களாகப் பிரித்தது. ஐரோப்பியருக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் ஒன்று, இந்தியருக்கு ஒன்று. 1881 ஆணைப்படி தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்கு 1884இல் மூன்றாம் பட்டியல் வந்தது. அந்தத் துறப்பின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. காலணியோடு நீதிமன்றம் போனதற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்றவர் அவர். பட்டியலுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம். சில நூறு ஐரோப்பியரின் பங்கும் பல்லாயிரம் இந்தியரின் பங்கும் ஒன்றே! துறந்தவர்களை எதிர்த்து நின்ற நாடு சண்முக வேலாயுத முதலியார் அந்தக் காலத்துத் தேர்தல்களில் கோலோச்சினார். 1899இல் மூன்றாம் பட்டியல் நீங்கியது. ஐரோப்பியருக்கான தனிப் பட்டியல் மட்டும் இரண்டாம் உலகப் போர் முடியும்வரை நீடித்தது. அது ஒழிந்தபோது பெண்களுக்கும் வாக்கு வந்தது.

குடியேறியவர்களின் பிடிக்குத் துணை நின்ற அதே மன்றங்கள் பிறகு அவர்களுடைய ஆட்சிக்கே முடிவுரை எழுதின. 1954 மார்ச் 18 அன்று புதுச்சேரியின் எட்டு மேர்களும் அரசு ஆலோசனைக் குழுவினரும் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. இணைப்பு கோரிய தலைவர்களுள் ஒருவரான எதுவார் குபேர் அங்கிருந்தே தற்காலிக அரசை நடத்தினார். மூன்று பக்கமும் இந்திய மண் இருந்ததால் பிரெஞ்சுப் போலீஸ் எளிதில் நெருங்க முடியவில்லை.

அக்டோபர் 18 அன்று எல்லையோரக் கீழூரில் 178 பேர் கூடினார்கள். புதுச்சேரி, காரைக்கால் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் கொம்யூன் மன்ற உறுப்பினர்களும் அவர்கள். இணைப்புக்கு 170 வாக்கு, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. ஒரு நாட்டின் எல்லையையே மாற்றிய வாக்கைப் போட்டவர்களில் பலர், தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் ஊரார் தேடிப்போன மன்ற உறுப்பினர்கள். இதை விழுப்புரத்துப் பிள்ளைகளும் திண்டிவனத்துப் பிள்ளைகளும் தங்கள் பக்கத்து ஊர்க் கதையாகவே படிக்க வேண்டும்.

அந்த மன்றங்களின் பிற்காலம் மனத்தை வருத்துகிறது. விடுதலைக்குப் பின் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006இல்! முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி. அப்படி வந்த மன்றங்களின் காலமும் 2011இல் முடிய, அதன் பிறகு பல ஆண்டுகள் ஆணையர்களே நிர்வாகம் பார்த்தார்கள். ஆகஸ்ட் 16 தோறும் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகிறார்கள். அங்கே வாக்களித்தவர்கள் விட்டுச்சென்ற கொம்யூன் நாற்காலியில் ஊரார் தேர்ந்தெடுத்தவர் உட்கார வேண்டும். அந்த மண்டபத்தில் நின்று கேட்கத்தக்க கோரிக்கை இதுதான்.