சுவிட்ச் பெட்டிக்கு இவ்வளவு விலையா?

(வளையமாதேவியில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் பேசியது)



கடையில் ஆயிரம் ரூபாய்க்குச் சுவிட்ச் கிடைக்கும்போது, ஆஸ்பத்திரிக்குப் பல மடங்கு விலையில் ஒன்று எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விளக்குப் போடும் சுவிட்சை அவர்கள் சொல்லவில்லை. கம்ப்யூட்டர்களையெல்லாம் கேபிளால் இணைக்கிற பெட்டியைத்தான் சொன்னார்கள்.

வயல் வைத்திருக்கிற உங்களுக்கு மடை தெரியும். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று ஆள் நின்று திருப்பவேண்டும். விலை குறைந்த சுவிட்சில் அப்படித் திருப்ப வழியில்லை. எது வந்தாலும் அனுப்பிவிடும். விலை கூடிய ‘மேனேஜ்டு’ சுவிட்சில் எக்ஸ்ரே, லேப் கம்ப்யூட்டர்களை ஒரு பிரிவாகவும், நோயாளியோடு வந்தவர்களின் செல்போன்களை வேறு பிரிவாகவும் வைக்கலாம். ஒரே பெட்டிதான், ஆனால் இவர்கள் அவர்களைத் தொட முடியாது. இதற்குப் பெயர் வி-லேன். எல்லாக் கம்பெனிகளுக்குமான பொது விதி 1998இல் வந்தது.

இன்னொரு ஆபத்து உண்டு. அறையைப் பெருக்குகிறவர் கீழே கிடந்த கேபிளின் இரண்டு முனைகளையும் நல்லெண்ணத்தோடு ஒரே பெட்டியில் செருகிவிடுகிறார். எல்லாருக்கும் என்று அனுப்பப்பட்ட ஒரு செய்தி அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் திணறும். லேப் முடிவு வார்டுக்குப் போகாது. 1985இல் ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் இதற்கு வழி கண்டார். சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, அதிகப்படியான வழியை அடைத்துவைக்கும்; இருக்கிற வழி அறுந்தால் அடைத்ததைத் திறக்கும். ‘ஸ்பானிங் ட்ரீ’ என்பார்கள். அதை விளக்க அந்த அம்மையார் ஒரு கவிதையும் எழுதினார்கள்!

அப்படியானால் பெட்டி வாங்கினால் போதுமா? போதாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1896இல் மெதடிஸ்ட் டீக்கனஸ்மார் தொடங்கிய ஆஸ்பத்திரியும் பிற்பாடு அதில் இணைந்தது. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் சுவிட்சுக்குப்பின் சுவிட்சாகச் சேர்த்துக்கொண்டே போனதில், ஸ்பானிங் ட்ரீ தாங்கும் அளவை மீறிவிட்டார்கள். 2002 நவம்பரில் அளவுக்கு மீறிய தரவு வந்து நெட்வொர்க் விழுந்தது. ஏறக்குறைய 4 நாட்கள் டாக்டர்கள் காகிதத்தில் மருந்து எழுதினார்கள். லேப் முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கம்ப்யூட்டர் துறைத் தலைவர் ஜான் ஹாலம்கா நடந்ததை மறைக்காமல் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் எடுத்துச் சொன்னார். எனக்கு அவர்மேல் மதிப்பு அதிகம்.

ஆகவே பெரியவருக்கு என் பதில்: விலை அதிகம்தான். அந்தப் பெட்டி எந்தக் கேபிள் அறுந்தது, எந்தத் துளையில் பிழை கூடுகிறது என்று குறித்துவைக்கும். படிக்க ஆள் இல்லையென்றால் ஆயிரம் ரூபாய்ப் பெட்டியே போதும். ஆள் இருந்தால், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றச் சொல்லுங்கள். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று காகிதத்தில் வரைந்து, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். நெட்வொர்க் விழுந்த இரவில் கம்ப்யூட்டரில் இருக்கிற படத்தைத் திறக்க முடியாது.