கலங்கரை விளக்கம் விழுந்தது, கடன் பத்திரம் பிழைத்தது

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரலாறு பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்றார் செயலாளர். நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கியில் குமாஸ்தா வேலை. அதனால் ஒரு கடன் பத்திரத்தை வைத்தே ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன். ஊர், எகிப்தின் அலெக்சாண்ட்ரியா.

கி.மு. 331-இல் மாவீரன் அலெக்சாண்டர் மத்தியதரைக் கடலோரம் நிறுவிய நகரம் அது. பின்வந்த தாலமி மன்னர்கள் அதைத் தலைநகராக்கினார்கள். எதிரே இருந்த ஃபாரோஸ் தீவுக்குக் கடலில் கல் கொட்டிப் பாதை போட்டார்கள். பாதையின் இருபுறமும் இரண்டு துறைமுகங்கள். தீவில் ஏறத்தாழ 100 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம். ஊருக்குள் உலகப் புகழ்பெற்ற நூலகம்.

இன்று இரண்டும் இல்லை. விளக்கம் நிலநடுக்கங்களில் இடிந்தது. 15-ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தில் சுல்தான் காயித்பே கோட்டை கட்டினார். 1990-களில் கோட்டை அருகே கடலில் மூழ்கித் தேடியவர்கள் பெரிய கற்களையும் சிலைகளையும் கண்டார்கள். நூலகம் ஒரே நாளில் எரிந்து போனது என்பார்கள். உண்மையில் போர், தீ, கவனிப்பாரின்மை என்று பல நூற்றாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தது.

ஆனால் அந்த ஊரின் வியாபாரம் எப்படி நடந்தது என்று சொல்ல ஒரு கிழிந்த பாப்பிரஸ் தாள் தப்பியிருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்போது வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் நம் முசிறியின் பெயர் வருகிறது. சேரர்களின் அதே முசிறித் துறைமுகம்தான்.

ஒரு பக்கம், முசிறி வியாபாரத்துக்கு வாங்கிய கடனுக்கான ஒப்பந்தம். சரக்கு செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் நதியில் படகேறி அலெக்சாண்ட்ரியாவின் சுங்கக் கிடங்குக்கு வரவேண்டும். அதுவரை அது கடன் கொடுத்தவரின் முத்திரையில் இருக்கும். தவணை தவறினால் சரக்கு அவருக்கு. எங்கள் வங்கியில் இதை 'கீ லோன்' என்போம். கிடங்கு வியாபாரியுடையது, பூட்டு வங்கியுடையது!

மறுபக்கம், ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. யானைத் தந்தம், கங்கைப் பக்கத்துச் சடாமாஞ்சில் எல்லாம் வருகிறது. நாட்டு மருந்துக் கடையில் நாம் கேட்டு வாங்கும் சடாமாஞ்சில்தான். இறக்குமதி வரி 25 சதவீதம். ஜி.எஸ்.டி.க்குப் புலம்பும் நாம் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

எழுதிய குமாஸ்தா, இது 1,800 ஆண்டு கழித்துப் படிக்கப்படும் என்று நினைத்திருக்க மாட்டார். கடன் வாங்கியவர் பெயர்கூடக் கிடைக்கவில்லை. இருந்தாலும் அந்த ஊரில் நம் சரக்குக்கு இருந்த மதிப்பு அந்தத் தாளால்தான் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சங்க அறைக்கு வெள்ளையடிக்கும்போது, பீரோவிலுள்ள பழைய தீர்மானப் புத்தகங்களையும் ரசீதுகளையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு இருக்கிறது. போர்வெல் எத்தனை அடி, கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம், யார் எவ்வளவு கொடுத்துப் பூங்கா வந்தது, எல்லாம் அதில்தான் இருக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள். எனக்கு ஒரு மேசையும் இரண்டு வாரமும் கொடுங்கள்; வரிசைப்படுத்தி எண் போட்டுத் தருகிறேன். கூட யாராவது வந்தால் காபி என் செலவு.