முழக்கம் இல்லாத ஓர் இசைத்தட்டு

(பண்பாட்டுப் பணி குறித்த கலந்துரையாடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

1970ஆம் ஆண்டில் சிலி நாட்டின் கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பு ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. 'புளோப்ஸ்' என்ற ராக் இசைக் குழுவின் முதல் தொகுப்பு அது. குழுவின் பெயரே தொகுப்பின் பெயராகவும் அமைந்தது. அது போராட்டப் பாடல்களின் தொகுப்பு அன்று. அவ்விளைஞர்கள் கட்சி மேடைகளில் வளர்ந்தவர்களும் அல்லர். அப்படியிருந்தும் அந்தத் தட்டு கட்சியின் இளைஞர் அமைப்பு நடத்திய நிறுவனத்திலிருந்தே வெளிவந்தது. பண்பாட்டு அரங்கில் பணியாற்றும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

அந்த நிறுவனத்தின் பெயர் திகாப். 'மக்கள் பாடல் இசைத்தட்டகம்' என்பது அதன் பொருள். சிலியின் இசைத்தட்டுச் சந்தை அப்போது ஆர்.சி.ஏ., ஓடியன் போன்ற பன்னாட்டு நிறுவனங்களின் பிடியில் இருந்தது. எதை மக்கள் கேட்க வேண்டும் என்பதை அந்நிறுவனங்களின் இலாபக் கணக்கே தீர்மானித்தது. 1968இல் வியட்நாம் மக்களுக்கு ஆதரவாகக் கிலபாயுன் குழு பாடிய பாடல்களைக் கம்யூனிஸ்ட் இளைஞர்கள் தாங்களே தட்டாக வெளியிட்டனர். அந்த முயற்சியே திகாப்பாக வளர்ந்தது. 1907இல் இக்கிக்கே நகரின் சாந்தா மரியா பள்ளியில் வெடியுப்புச் சுரங்கத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட வரலாற்றைச் சொல்லும் இசைநாடகத்தையும் திகாப்பே வெளியிட்டது. லூயிஸ் அத்விஸ் இயற்றிய அந்தப் படைப்பும் புளோப்ஸின் முதல் தொகுப்பும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன.

எதுவார்தோ காட்டி, ஹூலியோ வில்லாலோபோஸ், ஹுவான் பாப்லோ ஒர்ரேகோ, ஹுவான் கொன்ட்ரேராஸ், செர்ஹியோ பெசார்ட் ஆகிய ஐவரே அந்தக் குழுவினர். தொடக்கத்தில் ஆங்கில ராக் பாடல்களை இசைத்தவர்கள், இந்தத் தொகுப்பில் தங்கள் சொந்தப் பாடல்களை ஸ்பானிய மொழியில் பாடினர். மேற்கு நாடுகளில் 1960களின் பிற்பகுதியில் பரவிய சைகடெலிக் ராக் இசையின் கனவுத்தன்மை இதில் உண்டு. ஆனால் அதன் இரைச்சல் இல்லை. கிதார், புல்லாங்குழல், ஆர்கன் ஆகியவை நாட்டுப்புற இசையின் எளிமையோடு சேர்ந்து ஒலிக்கின்றன. காட்டி எழுதிய 'தருணங்கள்' என்ற பாடல் இத்தொகுப்பில்தான் முதலில் வெளிவந்தது.

இத்தகைய இசையை இடதுசாரிகள் எல்லோரும் வரவேற்கவில்லை. மின்கிதார் அமெரிக்கப் பண்பாட்டுப் படையெடுப்பின் கருவி என்றும், சரங்கோ, கேனா போன்ற ஆண்டிஸ் மலைநாட்டுக் கருவிகளே மக்களின் குரல் என்றும் பலர் கருதினர். அந்த ஐயத்திற்குக் காரணம் இருந்தது. வானொலியை நிறைத்திருந்தது வடக்கிலிருந்து வந்த வணிக இசை. ஆயினும் கருவியையும் அதைக் கையாளும் வர்க்க நலனையும் ஒன்றாக எண்ணிவிடும் பிழை அதில் இருந்தது.

கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரான விக்தர் ஹாரா வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். ஹோ சி மின்னைப் போற்றும் தமது 'அமைதியாக வாழும் உரிமை' பாடலைப் பதிவுசெய்ய அவர் புளோப்ஸ் குழுவினரை அழைத்தார். 1971இல் வெளியான அந்தப் பதிவில் ஹாராவின் குரலோடு மின்கிதாரும் ஆர்கனும் ஒலித்தன. ஏகாதிபத்தியத்தின் கருவி என்று ஐயுறப்பட்ட மின்கிதார், ஏகாதிபத்தியத்தின் குண்டுகளுக்கு எதிரான பாடலுக்குத் துணை நின்றது. அதே தொகுப்பின் இன்னொரு பாடலிலும் அவர்கள் ஹாராவுடன் இணைந்தனர்.

1973 செப்டம்பர் 11 அன்று இராணுவம் அலெண்டே அரசைக் கவிழ்த்தது. மறுநாள் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சிறைபிடிக்கப்பட்ட ஹாரா, சிலி விளையாட்டரங்கில் சித்திரவதை செய்யப்பட்டுச் சில நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். திகாப் சூறையாடப்பட்டது. மூலப்பதிவு நாடாக்களும் தட்டுகளும் அழிக்கப்பட்டன. புளோப்ஸ் குழுவும் அந்த ஆண்டிலேயே கலைந்தது.

நாடாக்களை எரித்தவர்களால் பாடல்களை அழிக்க முடியவில்லை. 'தருணங்கள்' பாடலைச் சிலி இளைஞர்கள் கிதாரோடு அமரும் இடமெல்லாம் பாடினர். குழுவில் பாஸ் கிதார் இசைத்த ஒர்ரேகோ பின்னாளில் சுற்றுச்சூழல் போராளியானார். பியோபியோ ஆற்றில் அணைகள் எழுப்பித் தங்கள் நிலத்தை மூழ்கடிக்கும் திட்டத்தை எதிர்த்த பெவென்ச்சே பழங்குடி மக்களோடு அவர் நின்றார். பினோசெட் ஆட்சி 1981இல் தண்ணீரைத் தனியார் உடைமையாக்கிச் சட்டம் இயற்றியிருந்த நாடு அது. அரசியல் முழக்கம் எதுவும் இல்லாமல் இசைக்கத் தொடங்கிய இளைஞர், சர்வாதிகாரம் விட்டுச்சென்ற பொருளாதார ஒழுங்கை எதிர்க்கும் இடத்திற்கு வந்து சேர்ந்தார்.

2019 அக்டோபரில் சாந்தியாகோ வீதிகளில் இலட்சக்கணக்கான மக்கள் திரண்டபோது 'அமைதியாக வாழும் உரிமை' மீண்டும் ஒலித்தது. ஹாரா கொலை வழக்கில் முன்னாள் இராணுவத்தினர் எழுவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை 2023 ஆகஸ்டில் சிலி உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்தே அந்த நீதி வந்தது.

தோழர்களே, ஓர் இசைத்தட்டு புரட்சியை நடத்திவிடும் என்று எவரும் சொல்லவில்லை. போராட்டப் பாடலின் இடத்தை வேறெதுவும் நிரப்பிவிடவும் முடியாது. திகாப் அந்த இடத்தை ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. சுரங்கத் தொழிலாளர்களின் இரத்த வரலாற்றையும், தங்கள் மொழியைத் தேடிக்கொண்டிருந்த இளைஞர்களின் இசையையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது என்பதே அதன் சிறப்பு. வணிக நிறுவனங்களிடம் அந்த இளைஞர்களை ஒப்படைத்துவிடாமல் அவர்களுக்கு ஒரு வாய்ப்பை அளித்தது. அந்த நெருக்கம் இருந்ததனாலேயே ஹாராவின் அழைப்பு அவர்களைச் சென்றடைந்தது.

கிதாரோடு வரும் ஓர் இளைஞரிடம் 'இந்தப் பாட்டில் அரசியல் எங்கே?' என்று முதலில் கேட்கும் பழக்கம் பண்பாட்டு அரங்குகளில் இன்றும் உண்டு. அந்தக் கேள்விக்கு உரிய நேரம் வரும். அதற்கு முன் அவருடைய பாட்டை முழுமையாகக் கேட்க வேண்டும். சிலித் தோழர்கள் 1970இல் செய்தது அதுதான்.