இடித்துவிட்டு ஓடிப்போனால்…

ராத்திரி நேரம், சைக்கிளில் போனவரை ஒரு வண்டி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விடுகிறது. நம்பரை யாரும் பார்க்கவில்லை. "யார் மேலன்னு கேஸ் போடறது?" என்று வீட்டில் கையை விரித்துவிடுவார்கள்.

விரிக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆவது பிரிவு இவர்களுக்காகவே இருக்கிறது. உயிர் போனால் 2 லட்சம் ரூபாய், படுகாயம் என்றால் 50,000. 2022 ஏப்ரலுக்கு முன்பு ஓர் உயிருக்கு வெறும் 25,000தான்! முதல் தகவல் அறிக்கையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் வைத்து, கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். வக்கீல் தேடி அலைய வேண்டிய வேலையில்லை.

ஒரு மாதத்தில் வண்டி அகப்படவில்லை என்றால், இந்தத் தொகையைக் கேட்கலாம் என்று போலீசாரே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் போட்ட உத்தரவு இது. தெரிவிக்கவில்லையா, நீங்களே போய்க் கேளுங்கள்.

பிறகு வண்டி சிக்கினால்? மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடே கேட்கலாம். ஏற்கெனவே வாங்கியது அதில் கழியும்.

உங்கள் தெருவில் இப்படி அடிபட்ட குடும்பம் இருந்தால், இன்றைக்கே போய் இதைச் சொல்லுங்கள்.