மாப்பிள்ளைக்கு மட்டுமா பரிசோதனை?
(குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சில வருடங்களுக்கு முன் ஒரு வாப்பா நம் அலுவலகத்துக்கு வந்தார். மகளுக்கு நிக்காஹ் பேசியிருந்தார்கள். "மாப்பிள்ளை ரொம்ப நாள் வெளிநாட்டில் இருந்தவர். எச்.ஐ.வி. வெளியிலிருந்து வருவதுதானே? அவரை மட்டும் டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

நான் சொன்னது இது. எச்.ஐ.வி.யில் இரண்டு வகை உண்டு. உலகெங்கும் பரவியிருப்பது முதல் வகை. அதிலும் பல கிளைகள். அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் 'பி' கிளை அதிகம். தென்னாப்பிரிக்காவிலும் எத்தியோப்பியாவிலும் நம் இந்தியாவிலும் 'சி' கிளை. உலகில் இக்கிருமி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருப்பது இந்த 'சி'தான். ஆக, நம் நாட்டில் வேரூன்றிய கிளையே ஒன்று இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக இது கண்டுபிடிக்கப்பட்டதும் நம் சென்னையில்தான், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும் சேகரித்த இரத்தம் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டது. ஆறு பெண்களுக்குக் கிருமி இருந்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்து வருகிற நோயல்ல இது.

இரண்டாம் வகை மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இந்தியாவிலும் உண்டு, ஆனால் குறைவு. குறைவென்று விட்டுவிட முடியாது. முன்பு பரவலாகக் கொடுத்த நெவிரபின், எஃபாவிரென்ஸ் மாத்திரைகள் அதற்கு வேலை செய்யாது. கிருமியின் அளவைப் பார்க்கும் வழக்கமான சோதனையும் முதல் வகையைத்தான் எண்ணும். இரண்டாம் வகை உள்ளவருக்கு 'இல்லை' என்றே காட்டிவிடலாம். அதனால்தான் எந்த வகை என்று மருத்துவர் பார்க்கிறார். இப்போது கொடுக்கும் டோலுடெக்ராவிர் இரண்டுக்கும் கேட்கும், அல்ஹம்துலில்லாஹ். 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. ஆரம்பித்த இடங்களில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, கிருமி சோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டால், தாம்பத்தியத்தில் துணைக்குப் பரவாது. இது நம்மில் பலருக்குத் தெரியவில்லை.

"டெஸ்ட் எடுப்பதானால் இரண்டு பேரும் எடுக்கட்டும். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் காசு வாங்க மாட்டார்கள். அவரவர் சம்மதம் வேண்டும். முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று 2017 சட்டமே இருக்கிறது. ஜமாஅத்துக்கும் சொல்ல வேண்டியதில்லை" என்றேன்.

"என் மகளுமா?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் இருவருமே போய் வந்ததாகச் சொன்னார். ரிப்போர்ட்டில் என்ன வந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.